எலி, கரடி, சிறுநரி: குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தரத் தொடங்குபவர்களுக்கு

நான் முதன்முதலாகக் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்த நாளில், சுருதி என்றால் என்ன, லயம் என்றால் என்ன, ஏழு ஸ்வரங்களின் முழுப் பெயர்கள் எவை என்று விளக்கி முடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுச் சிறுமி கையைத் தூக்கினாள். "எப்போது பாடுவோம், டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். குழந்தை உள்ளே வந்த ஒரு நிமிடத்துக்குள் அதன் வாயிலிருந்தோ கையிலிருந்தோ ஒலி எழுந்துவிட வேண்டும். விளக்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கர்நாடக இசையின் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டு, ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சொல்லித்தர முன்வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் பாடத் தெரிந்த தாய் தந்தையரும் தங்கள் குழந்தையோடு இதைச் செய்து பார்க்கலாம்.

வகுப்பைச் சுவையாக்க வேண்டும் என்றதும் பலர் ஸ்டிக்கர், பரிசு, மதிப்பெண் பலகை என்று தேடிப் போகிறார்கள். இரண்டு வாரம் அது நன்றாகவே வேலை செய்யும். மூன்றாவது வாரம் ஸ்டிக்கர் கொண்டுவர மறந்தால் பாட்டும் நின்றுபோகும். ஏழு ஸ்வரங்களுக்குள்ளும் எட்டு அட்சரம் (தாளத்தை எண்ணும் அலகு) கொண்ட தாளம் ஒன்றுக்குள்ளும் வேண்டிய அளவு விளையாட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தேடி எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

வகுப்புக்கு முன்னால்

வேண்டியவை குறைவு: சுருதிப் பெட்டி அல்லது கைபேசியில் சுருதிச் செயலி, ஒரு துண்டு சாக்பீஸ், இரண்டு மரக்குச்சிகள், நடந்து திரியக் கொஞ்சம் வெற்றுத் தரை. முதல் மாதம் நோட்டுப் புத்தகம் வேண்டாம். எழுதத் தொடங்கிய குழந்தை கேட்பதை நிறுத்திவிடும். ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் போதும். ஒரே நேரத்தில் ஐந்து முதல் எட்டுக் குழந்தைகள் இருந்தால் விளையாட்டும் நடக்கும், ஒவ்வொரு குரலும் உங்கள் காதில் தனியாக விழும்.

சுருதியைப் பற்றிக் கொஞ்சம் கவனமாக இருங்கள். நீங்கள் பாடிப் பழகிய கட்டை, அதாவது சுருதியின் உயரம், குழந்தைக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தையைக் கீழ் ஸட்ஜம் (ஸ) ஒருமுறை, மேல் ஸட்ஜம் ஒருமுறை பாடச் சொல்லுங்கள். கீழே போகும்போது குரல் காற்றாகிப் போனால் சுருதியை ஏற்றுங்கள். மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைத்தால் இறக்குங்கள். இரண்டும் சிரமமில்லாமல் வரும் இடம்தான் அந்தக் குழந்தையின் இடம். குழுவாகப் பாடும்போது பெரும்பாலானோருக்கு ஒத்துவரும் கட்டையைத் தேர்ந்தெடுத்து, பொருந்தாத குழந்தைகளுக்கு அவ்வப்போது தனியாக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அவர்கள் குரல் குழந்தையின் குரலைவிட ஒரு ஸ்தாயி (ஸவிலிருந்து மேல் ஸ வரையுள்ள தூரம்) கீழே ஒலிக்கும். புதிதாக வரும் குழந்தை அதை அப்படியே பின்பற்ற முயன்று தொண்டையை அழுத்திப் பாடத் தொடங்கும். அப்போது நீங்கள் பாடிக் காட்டுவதைவிட, நன்றாகப் பாடும் இன்னொரு குழந்தையைப் பாடவைத்தோ வயலின், கீபோர்டு போன்ற ஒன்றில் வாசித்தோ காட்டுவது நல்லது.

முதல் படி: தாளம் காலில் தொடங்கட்டும்

ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களைக் கையில் போடுவது நமக்கு மூச்சுவிடுவது போல ஆகிவிட்டது. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஐந்து வயதுக் குழந்தைக்கோ விரல்களைத் தனித்தனியாக எண்ணுவதே ஒரு முழு வேலை. அதோடு பாடவும் சொன்னால் இரண்டும் கெடும். அதனால் முதல் இரண்டு வாரம் விரலை மறந்துவிட்டு நடக்கவிடுங்கள். நீங்கள் குச்சியைத் தட்டுங்கள், அவர்கள் ஒரு தட்டுக்கு ஓர் அடி வைக்கட்டும். வேகம் குறைந்தால் அடியும் குறைய வேண்டும், தட்டு நின்றால் சிலையாக நிற்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950) உடலசைவின் வழியாகத் தாளம் கற்பிக்கும் முறையை உருவாக்கியதற்குக் காரணமும் இதுதான். இசையை எழுத்தில் அறிந்திருந்த மாணவர்கள் அதை உடலில் உணராமல் இருந்ததை அவர் வகுப்பில் நேரில் கண்டார்.

நடை சீரானதும் சொற்களைக் கொண்டுவாருங்கள். இங்கே தமிழே நமக்குப் பெரிய துணை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று இலக்கணம் ஒலியை அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவைக் கொண்டே ஜாதிகளை, அதாவது தாளத்தின் ஐந்து எண்ணிக்கை வகைகளை, சொல்லிக்கொடுத்துவிடலாம்.

எலி என்றால் இரண்டு மாத்திரை: தக. கரடி என்றால் மூன்று: தகிட. சிறுநரி என்றால் நான்கு: தகதிமி. இந்த மூன்று விலங்குகளும் போதும், ஐந்து ஜாதிகளும் வந்துவிடும். திஸ்ரத்துக்குக் கரடி, சதுஸ்ரத்துக்குச் சிறுநரி. கண்டம் ஐந்து அட்சரம், 'எலி கரடி', அதாவது தக தகிட. மிஸ்ரம் ஏழு, 'கரடி சிறுநரி', தகிட தகதிமி. சங்கீர்ணம் ஒன்பது, 'சிறுநரி எலி கரடி', தகதிமி தக தகிட. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கைத்தட்டு, சொல்லின் முதல் எழுத்துக்கு மட்டும் பலமான தட்டு. ஏழு வயதுக் குழந்தை மிஸ்ரத்தைத் தடுமாறாமல் தட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். மிஸ்ரம் என்ற பெயரை மெதுவாகப் பிறகு சொல்லலாம். பெயர் வரும்போது பொருள் ஏற்கெனவே கையில் இருக்கும்.

சொல் தேர்வில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்பதால் புள்ளி வைத்த எழுத்துள்ள சொற்களை முதலில் தவிருங்கள். ஐகாரத்தில் முடியும் குதிரை, முதலை போன்றவையும், குற்றியலுகரம் வரும் மாடு, ஆடு போன்றவையும் அளவில் குறுகிப் போகும். நெடில் பழகுவதற்கு நிலா, புறா இரண்டும் அருமையானவை. 'லா' வரும்போது ஒரு தட்டை வாயால் சொல்லாமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். அந்த நீட்டலுக்குத்தான் கார்வை என்று பெயர் என்று அப்போது சொல்லிவிடலாம். கரடியும் நிலாவும் மூன்று மாத்திரைதான், ஆனால் ஒலிக்கும் விதம் வேறு என்பதைக் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஆதி தாளத்துக்கு வரலாம். குழந்தைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி 'சிறுநரி சிறுநரி' என்று சொல்லட்டும், நான்கும் நான்கும் எட்டு. இன்னோர் அணி 'கரடி கரடி எலி' என்று சொல்லட்டும், மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. இரண்டு அணியும் ஒரே நேரத்தில் தொடங்கினால் நடுவில் பலமான தட்டுகள் இடிபடும், சண்டை போலக் கேட்கும், பிறகு இருவரும் ஒன்றாக முதல் தட்டுக்கு வந்து சேர்வார்கள். சமம் எனப்படும் அந்த முதல் தட்டில் வந்து விழும்போது குழந்தைகள் தாமாகவே கத்துவார்கள். கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக் கலைஞர் நமக்குத் தரும் சிலிர்ப்பும் இதே வகையைச் சேர்ந்தது. அதை முதல் மாதத்திலேயே குழந்தை தன் கையால் உண்டாக்கிவிடுகிறது. இந்த விளையாட்டை நான் இதுவரை எந்த வகுப்பிலும் விட்டதில்லை.

இரண்டாம் படி: தரையில் ஒரு ராகம்

முதல் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை என்ற ராகத்தில் தொடங்கும் முறையைப் புரந்தரதாசர் வகுத்துத் தந்தார் என்பது மரபு. பதினைந்தாவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) இந்த ராகம் தொடக்கத்துக்கு ஏன் பொருத்தம் என்பதைத் தரையில் கோடு போட்டுப் பார்த்தால் குழந்தைக்கே விளங்கும்.

சாக்பீஸால் பதின்மூன்று கோடுகளை ஏணிப் படிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். கோட்டுக்குக் கோடு ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். முதல் கோடு ஸ, கடைசிக் கோடு மேல் ஸ, இடையில் பன்னிரண்டு இடைவெளிகள். கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் பன்னிரண்டு கட்டைகளையே தரையில் விரித்திருக்கிறோம். இனி ஸ்வரங்களின் பெயரை எழுதுங்கள். ஸவிலிருந்து ஓர் இடைவெளி தள்ளி ரி. அங்கிருந்து மூன்று இடைவெளி தள்ளி க. ஒன்று தள்ளி ம, இரண்டு தள்ளி ப, ஒன்று தள்ளி த, மூன்று தள்ளி நி, ஒன்று தள்ளி மேல் ஸ.

ஒரு குழந்தை அந்தக் கோடுகளின் மேல் நடக்கட்டும், மற்றவர்கள் அது நிற்கும் ஸ்வரத்தைப் பாடட்டும். ரியிலிருந்து கவுக்குப் போகத் தாண்ட வேண்டும், கவிலிருந்து மவுக்குப் போகக் கால் விரலை நகர்த்தினால் போதும். குரல் எங்கே தாவுகிறது, எங்கே ஒட்டிக்கொண்டு போகிறது என்பது காலுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று முறை நடந்த பிறகு, "இந்த ஏணியில் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவசரப்பட்டுப் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார்: ஸரிகம எப்படி இருக்கிறதோ அதே மாதிரிதான் பதநிஸ இருக்கிறது. ஒன்று, மூன்று, ஒன்று. மறுபடியும் ஒன்று, மூன்று, ஒன்று. முதல் பாதியைக் கற்றவர்களுக்கு இரண்டாம் பாதி இலவசம். சிறு குரல்களுக்கு இந்த ராகம் எளிதாக இருப்பதற்கு இந்த இரட்டை அமைப்பும் ஒரு காரணம்.

சில மாதங்கள் கழித்து இதே ஏணியில் ரியையும் தவையும் மட்டும் அழித்து, ஒரு கோடு மேலே தள்ளி எழுதுங்கள். தீரசங்கராபரணம் வந்துவிடும். பிறகு அதிலிருந்து மவையும் நியையும் அழித்துவிடுங்கள். மோகனம் வந்துவிடும். ராகம் என்பது இந்தப் படிகளோடு முடிந்துவிடுவதில்லை, கமகமும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) பிடிகளும் (ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோவைகள்) சேர்ந்தால்தான் ராகம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு குழந்தை தன் கையால் இரண்டு எழுத்தை நகர்த்தி, அறையின் நிறமே மாறியது போன்ற ஒலியைக் கேட்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் அட்டவணையைப் பின்னாளில் அது மனப்பாடமாக அல்ல, வரைபடமாகப் படிக்கும்.

இடம் இல்லாத அறையில் உடம்பையே ஏணியாக்கலாம். முழங்கால் ஸ, தொடை ரி, இடுப்பு க, மார்பு ம, தோள் ப, காது த, உச்சந்தலை நி, தூக்கிய கை மேல் ஸ. நீங்கள் தொடும் இடத்தை அவர்கள் பாட வேண்டும். இங்கிலாந்தின் ஜான் கர்வன் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச்சைகையை 19ஆம் நூற்றாண்டில் பரப்பினார். ஹங்கேரியின் சோல்தான் கோடாய் (1882–1967) வழியில் பாட்டு சொல்லித்தருபவர்கள் இன்றும் அந்தச் சைகைகளைப் பயன்படுத்துகிறார்கள். கை எழுந்தால் குரல் எழுவது எந்த ஊர்க் குழந்தைக்கும் இயல்பாகவே வருகிறது.

மூன்றாம் படி: கமகம, தகதக

ஸரிகமபதநி என்ற ஏழு எழுத்துகளுக்குள் தமிழ்ச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. "பாடலாமா?" என்று நீங்கள் கேட்டால் குழந்தைகள் 'ஸரி' என்று அந்த இரண்டு ஸ்வரத்திலேயே பாடிப் பதில் சொல்லட்டும். சுருதியோடு சொன்னால்தான் அடுத்த வேலை தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், வகுப்பு முழுக்க ஸரி பத்துப் பதினைந்து முறை வந்துவிடும். யானைக்குக் கரி, குதிரைக்குப் பரி என்ற பழைய பெயர்களும் அதே எழுத்துகளில் கிடைக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவை இரட்டைக்கிளவிகள். பூ கமகம என்று மணக்கிறது. பொன் தகதக என்று மின்னுகிறது. பசியில் வயிறு கபகப என்கிறது. வியர்வையில் உடம்பு கசகச என்கிறது. எழுந்திருக்க மனமில்லாதவர் மசமச என்று நிற்கிறார். எல்லாமே ஸ்வர எழுத்துகள்! ஒலிப்பில் சிறு வேறுபாடு இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஒவ்வொன்றையும் அதற்குரிய ஸ்வரத்தில் பாடவைத்து, தரை ஏணியில் நடக்கவும் வையுங்கள். கமகம என்றால் கால் நகர்வதே தெரியாது. கபகப என்றால் மூன்று இடைவெளி. தகதக என்றால் தவிலிருந்து கவுக்கு நான்கு இடைவெளித் தாவல். மசமச இன்னும் பெரியது, மவிலிருந்து ஸவரை ஐந்து.

இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். தாட்டு வரிசைக்கு வரும்போது இதன் பயன் தெரியும். ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் பாட வேண்டிய அந்த வரிசைகளில்தான் பல குழந்தைகள் சுருதியைத் தவறவிடுகிறார்கள். தகதக என்ற தாவலை மின்னலோடு சேர்த்து மனத்தில் வைத்த குழந்தைக்குத் தவும் கவும் எவ்வளவு தூரம் என்பது காதில் நிற்கும். அடுத்த வகுப்புக்கு ஆளுக்கு ஒரு சொல் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். சொல்லும் ஸ்வரமும் ஒன்றாக அமைவதற்கு ஸ்வராட்சரம் என்று பெயர், சொல்லையும் இசையையும் தாமே அமைத்த பெரிய வாக்கேயக்காரர்கள் தங்கள் உருப்படிகளில் (பாடல்களில்) அதை அழகாகக் கையாண்டிருக்கிறார்கள் என்பதையும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு நாள் ஒரு சிறுவன் கமகம என்று பலகையில் எழுதிவிட்டுக் கடைசி எழுத்தில் ஒரு புள்ளி வைத்தான். கமகம் என்றானது. அந்த வார்த்தையை அதற்கு முன் நான் வகுப்பில் சொன்னதே இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பாடிக் காட்டினேன்.

இதோடு கேள்வி பதிலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ, ரி, க என்ற மூன்று ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு சிறு துண்டு பாடுங்கள். குழந்தை அதே மூன்றைக் கொண்டு தனக்குத் தோன்றியதைப் பாடி ஸவில் முடிக்க வேண்டும். ஸவில் முடித்தால் எந்தப் பதிலும் சரியான பதில். கூச்சமுள்ள குழந்தை 'ஸஸஸ' என்று பாடினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த நேரத்திலேயே புனைந்து பாடும் கற்பனை ஸ்வரத்தின் முதல் விதை இங்கேதான் விழுகிறது.

நான்காம் படி: அதே வரிசை, பத்தாவது முறை

விளையாட்டு எத்தனை இருந்தாலும் திரும்பத் திரும்பப் பாடாமல் குரல் பழகாது. இதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தை சலித்துக்கொள்வது திரும்பப் பாடுவதற்காக என்பதைவிட, எதற்கென்று தெரியாமல் திரும்பப் பாடுவதற்காகவே என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புதிய வேலை கொடுங்கள். முதல் சரளி வரிசையை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை வாயை மூடி முனகலாக. ஒருமுறை 'அ' என்ற அகாரத்தில். ஒருமுறை ஆளுக்கு ஒரு ஸ்வரமாகச் சங்கிலி போல. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு. ஒருமுறை காதோடு ரகசியம் சொல்வது போல. ஒருமுறை நீங்கள் வேண்டுமென்றே ஓரிடத்தில் தவறாகப் பாட, அவர்கள் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் அவர்கள் கேட்கும் கூர்மையை நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் வேறு வழியில் பெற முடியாது.

ஊமை ஸ்வரம் என்று நாங்கள் ஒன்றை விளையாடுவோம். கவை ஊமை என்று அறிவித்துவிட்டால் ஸரி பாடி, கவை மனத்துக்குள் மட்டும் பாடி, மவைச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் வெளியே எடுக்க வேண்டும். பழகப் பழக இரண்டு மூன்று ஸ்வரங்களை ஊமையாக்கலாம். பாடாத ஸ்வரத்தைக் கேட்கத் தெரிந்துவிட்ட குழந்தைக்குச் சுருதி அவ்வளவு எளிதில் விலகாது.

மூன்று காலங்களில் (வேகங்களில்) பாடும்போது பெரும்பாலும் ஒரே தவறுதான் நடக்கும். இரண்டாம் காலம் என்றதும் குழந்தை தாளத்தையும் சேர்த்து வேகமாகப் போட்டுவிடும். ஒரு குழந்தையைத் தாளக் காவலராக நியமித்துக் கையில் குச்சிகளைக் கொடுங்கள். யார் எப்படிப் பாடினாலும் காவலரின் தட்டு மாறக் கூடாது. முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஏறுவதும் இறங்குவதுமாகப் பதினாறு ஸ்வரங்கள் கொண்ட வரிசை முதல் காலத்தில் ஆதி தாளத்தின் இரண்டு ஆவர்த்தனங்களை (முழுச் சுற்றுகளை) நிரப்பும், இரண்டாம் காலத்தில் ஒன்றை. மூன்றாம் காலத்தில் பாதிதான் நிரம்பும், மீதியை எப்படி நிரப்புவது என்று கேளுங்கள். "இன்னொரு முறை பாடலாம்!" என்று அவர்களே சொல்வார்கள்.

சுருதி சேராத குழந்தை

புதிதாகச் சொல்லித்தருபவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எல்லா வகுப்பிலும் ஒரே தொனியில் பேசுவது போலப் பாடும் குழந்தை ஒன்று இருக்கும். "இதற்குக் காது இல்லை" என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லப்பட்ட பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஐம்பது வயதிலும் அவர்கள் கூட்டத்தில் வாயைத் திறந்து பாட மாட்டார்கள். தயவுசெய்து அந்த வாக்கியத்தை எந்தக் குழந்தையைப் பற்றியும் சொல்லாதீர்கள். "நீ உதட்டை மட்டும் அசை" என்றும் சொல்லாதீர்கள். ஐந்தாறு வயதில் கேட்கும் காதும் பாடும் குரலும் இன்னும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கின்றன. பல குழந்தைகளுக்கு இது பழக்கத்தில் சரியாகிவிடும்.

செய்ய வேண்டியது இது. குழந்தையை உங்கள் சுருதிக்கு இழுக்காமல் நீங்கள் அதன் சுருதிக்குப் போங்கள். அது எந்த ஒலியை எழுப்புகிறதோ அதற்குச் சுருதிப் பெட்டியை மாற்றி, அதே ஒலியை நீங்களும் சேர்ந்து பாடுங்கள். "இதுதான் இப்போது நம் ஸ" என்று சொல்லுங்கள். ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு நான் முதன்முதலாக அப்படிச் செய்தபோது அவன் சட்டென்று நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தான். தன் குரலும் வெளியே இருக்கும் ஒலியும் ஒன்றாகக் கலப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியவில்லை. அந்த உணர்வு ஒருமுறை கிடைத்துவிட்டால் போதும், பிறகு அதைத் தானே தேடத் தொடங்குவான். அங்கிருந்து ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று நகருங்கள். சில வாரங்களில் வகுப்பின் சுருதிக்கு மெல்லக் கொண்டுவரலாம்.

இடையிடையே குரலை வழுக்கவிடும் பயிற்சி கொடுங்கள். ஆம்புலன்ஸ் வருவது போல, காற்றில் பட்டம் ஏறி இறங்குவது போல, கையை அசைத்துக்கொண்டே குரலை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பேச்சுக் குரலுக்கு மேலேயும் தனக்கு ஒரு குரல் இருக்கிறது என்பதை இந்தக் குழந்தைகளில் பலர் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். கத்திப் பாடும் வகுப்பில் இது நடக்காது. பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்கும் அளவுக்கு மட்டுமே பாட வேண்டும் என்பதை எல்லாருக்கும் பொதுவான விதியாக வையுங்கள்.

அரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது, உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும் சுருதியோடு சேர்ந்து இரண்டு நிமிடம் 'ஸ'. பிறகு ஐந்து நிமிடம் நடையும் விலங்குகளும். அடுத்த பத்து நிமிடம்தான் அன்றைய பாடம், வரிசையோ அலங்காரமோ (வெவ்வேறு தாளங்களில் அமைந்த ஸ்வரப் பயிற்சி) ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று. புதியதும் கடினமானதும் இந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும், அதன் பிறகு கவனம் தளரும். அடுத்து எழுந்து நின்று செய்யும் ஒரு விளையாட்டு. கடைசி ஏழெட்டு நிமிடம் ஒரு பாட்டு.

அந்தப் பாட்டை விட்டுவிடாதீர்கள். வரிசைகள் எல்லாம் முடிந்து கீதம் என்ற எளிய முதல் பாட்டு வகை வரும்வரை பாட்டே கிடையாது என்று காக்கவைத்தால், பாட்டுக்காக வந்த குழந்தை ஏமாந்து போகும். ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் எளிய நான்கு வரிகளை முதல் நாளே கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். சொற்களின் பொருள் குழந்தைக்குப் புரிய வேண்டும். நீங்களே நான்கு வரி கட்டினால் இன்னும் நல்லது.

எந்த விளையாட்டுக்கும் ஓர் இசைக் காரணம் இருக்க வேண்டும். இது சுருதிக்கா, தாளத்துக்கா, குரலுக்கா, நினைவுக்கா என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல விளையாட்டையும் குழந்தைகள் "இன்னொரு முறை!" என்று கேட்கும்போதே நிறுத்துங்கள், அடுத்த வாரத்துக்கு ஆசை மிச்சமிருக்கும். தோற்றவர் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியை எதிலும் சேர்க்காதீர்கள். அதிகம் பாட வேண்டிய குழந்தைதான் முதலில் தோற்கும், வெளியே உட்கார்ந்தால் அது எப்போது பாடும்?

வீட்டில்

வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிடத் தினமும் ஐந்து பத்து நிமிடம் மேலானது. அதைவிட முக்கியமானது காதில் விழுவது. ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998) வயலின் கற்பித்தபோது, குழந்தைகள் தாய்மொழி பேசக் கற்பதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். சுற்றிலும் ஒலிப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு வருகிறது, இசைக்கும் அதுவே வழி என்று கற்க வேண்டிய உருப்படிகளைத் தினமும் வீட்டில் ஒலிக்கவிடச் சொன்னார். நீங்களும் அந்த வாரத்து வரிசையையும் பாட்டையும் உங்கள் குரலில் பதிவுசெய்து பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். குழந்தை படம் வரையும்போதோ துணி மடிக்க உதவும்போதோ அது பின்னணியில் ஓடட்டும். உட்கார்ந்து கேட்கச் சொல்ல வேண்டாம்.

பெற்றோரிடம் ஒன்றை நேரிலேயே சொல்லுங்கள். விருந்தினர் வந்ததும் "எங்கே, ஒரு பாட்டுப் பாடு" என்று கூடத்தின் நடுவில் நிறுத்த வேண்டாம். குழந்தையே பாட வந்தால் கேட்கலாம். "இன்று எத்தனை முறை பாடினாய்?" என்ற கேள்வியையும் விட்டுவிட்டு, "எனக்கும் அந்த எலி கரடியைச் சொல்லிக்கொடு" என்று கேட்கச் சொல்லுங்கள். அப்பா வேண்டுமென்றே ஒரு தட்டைத் தவறவிட்டால் இன்னும் நல்லது. அவருக்குச் சரியாக வரும்வரை குழந்தை கண்டத்தைக் குறைந்தது இருபது முறையாவது தட்டிக் காட்டும்.